சைகை மொழிக் கழகத்தில் சேர்ந்த மகனுக்கு

லோகா,

ஞாயிற்றுக்கிழமை நீ வேலையில் சேரப் பினாங்குக்குப் பஸ் ஏறுகிறாய். உன்னிடம் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்தான். அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நீ வேறு வேலை பார்க்கப் போய்விடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு எனக்கு லீவு. உங்கப்பா செம்பனைக் குலை ஏற்ற லோரியை எடுத்துக்கொண்டு காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டார். நீ உள் அறையில் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருக்கிறாய். மடிக்காமல்தான் அடைக்கிறாய் என்பதை எட்டிப் பார்க்காமலே சொல்வேன். எழுதி முடித்ததும் உன்னிடம் படிக்கக் கொடுக்கிறேன். நீ சரி என்றால் ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்ப ஆசை. நம் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் முதன்முதலாகப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே படிப்பைத் தவிர அவன் வேறெதில் சேர வேண்டும், எதில் சேரக்கூடாது என்று தெரியாமல் விழிக்கிற தாய்மார் நிறைய இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் விழித்தேன்.

உனக்குத் திக்கும். இதை எழுதலாமா என்று நேற்றுக் கேட்டேன். "எழுதுங்க மா, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாய். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்தது நான்தான். பேசப் பேசச் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். நீ மேடை ஏறி "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பிக்கப் போய் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாய். உதடு ஒட்டிக்கொண்டது. கீழே பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டீச்சர் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு நீ பேச்சைச் சுருக்கிக்கொண்டாய். கடையில் போய் வேண்டியதை விரலால் காட்டுவாய். வீட்டுக்கு யார் வந்தாலும் தலையாட்டலோடு சரி. ஆனால் படிப்பில் உன்னை யாரும் அசைக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, அதுவும் மனிதவள நிர்வாகத்தில். உங்கப்பா லோரியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்: "பேசவே மாட்டான், இவன் எப்படிலா மனுசங்களைப் பாக்கிற வேலை செய்வான்?" நீயும் சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

உன்னைச் சேர்க்க வந்த அன்று பெற்றோரையெல்லாம் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து ஒரு விரிவுரையாளர் பேசினார். மதிப்பெண் மட்டும் போதாது, வேலைக்கு எடுக்கிறவர்கள் புறப்பாட நடவடிக்கைகளைக் கேட்கிறார்கள், கழகங்களில் சேரச் சொல்லுங்கள், தொண்டூழியம் செய்யச் சொல்லுங்கள், கம்பெனியில் போய் வேலை பழகுகிற பிராக்டிகலுக்கு நல்ல இடமாகப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். நான் வேலை செய்கிற ரவாங் ஃபேக்டரியில் இத்தனை வருடம் பார்த்துவிட்டேனே. வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் சூப்பர்வைசராகிவிடுவதில்லை. எழுந்து நின்று நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவர்கள்தான் ஆகிறார்கள். அதனால் திடலில் வரிசையாக மேசை போட்டிருந்த கழகங்களின் நடுவே, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி புடவை கட்டிக்கொண்டு, உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். சொற்போர்க் கழகத்து மேசையில் ஒரு பெண்ணிடம் உன் பெயரையே எழுதிவிட்டேன். "தம்பிக்குப் பேசணும்னு ரொம்ப ஆசை" என்று வேறு சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, "சொற்போர் எப்படிடா போகுது?" என்று ஆசையாகக் கேட்டேன். பையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை நீ. "அதுல சேரலை மா. சைகை மொழிக் கழகத்துல சேர்ந்துட்டேன்." எனக்கு வந்ததே கோபம். "பேசக் கத்துக்கோன்னு அனுப்பினா, பேசாம இருக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கே!" என்று கத்திவிட்டேன். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. நீ போய் அடுப்பை அணைத்துவிட்டு, நிதானமாக, திக்கித் திக்கி, காரணம் சொன்னாய். எல்லா மேசையிலும் வா வா என்று கத்திக் கூப்பிட்டார்களாம். அந்த ஒரு மேசையில்தான் யாரும் கத்தவில்லையாம். காது கேளாத மாணவர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்களாம். நீ கிட்டே போனதும் உன் பெயரைக் கேட்டு, அதை விரலால் எழுத்துக் கூட்டிச் சொல்லக் காட்டிக் கொடுத்தார்களாம். "என் பேரை நான் நிக்காம சொன்னேன் மா. முதல் தடவை." உனக்கு அப்போது முகம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சமாதானமாகவில்லை. இதை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே தோசை சுட்டுப் போட்டேன்.

அதற்கடுத்த தீபாவளிக்கு எல்லாரையும் அழைத்துச் சாப்பாடு போட்ட நம் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு ஞாபகம் இருக்கிறதா? என்னோடு வேலை செய்கிறவர்கள் கம்பெனி பஸ்ஸையே வாடகைக்குப் பேசி வந்திருந்தார்கள். நாம் 'கக்', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற கக் ஹலிமாவும் வந்தாள். லைனில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. நாங்கள் இருவரும் பல வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். அவள் கொண்டுவரும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்கில் பாதி எனக்கு, என் தோசையில் பாதி அவளுக்கு. தோளைத் தட்டுவது, கடிகாரத்தைக் காட்டுவது, சிரிப்பது, இதுதான் எங்கள் பேச்சு. அன்றைக்கு நீ முறுக்குத் தட்டை அவளிடம் நீட்டிவிட்டுக் கையால் ஏதோ சொன்னாய். அவள் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். பிறகு இரண்டு பேரும் கையையும் முகத்தையும் ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்தீர்கள். உங்கப்பா பதறிப்போய் வந்து என் காதருகே, "என்னலா, ரெண்டு பேரும் சண்டை போடுறாங்களா?" என்றார். நீ திரும்பிச் சொன்னாய்: "மா, உங்க தோசை ரொம்ப நல்லா இருக்காம். அந்தப் பச்சைச் சட்னி மட்டும் வேண்டாமாம். பல் விளக்கின மாதிரி இருக்காம்." வீடே சிரித்தது. எத்தனை வருடமாக நான் அந்தப் புதினாச் சட்னியை அவள் தட்டில் கரண்டி கரண்டியாக ஊற்றியிருக்கிறேன்! பாவம், ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் உன்னிடம் வேறொன்று கேட்டாள். நீ அதைச் சொல்லும்போது உன் குரல் மாறியிருந்தது. "தினமும் காலையில வேலை தொடங்கறதுக்கு முன்னால எல்லாரையும் நிக்க வச்சு அந்த ஆள் என்ன பேசுறாருன்னு கேக்கறாங்க மா." எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஆள் எண்ணுகிற பெரட்டு மாதிரி, எங்களுக்கும் காலையில் வரிசையில் நின்று கேட்கிற பிரீஃபிங் உண்டு. அன்றைய இலக்கு, பழுதான இயந்திரம், காலியாகியிருக்கும் பதவி எல்லாம் அதில்தான் சொல்வார்கள். ஹலிமா என் பக்கத்தில் நின்று பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டுவாள். அவளுக்கு ஓரளவு புரிகிறது என்றே நான் நினைத்திருந்தேன். லைன் லீடர் பதவிக்கு ஆள் கேட்ட விஷயம் ஒரு தடவைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் எல்லாரையும்விடக் கைவேகம் உள்ளவள் அவள். அன்று அவள் கிளம்பிப் போன பிறகு நீ தட்டுகளைக் கழுவிக்கொண்டே நின்றாய். நான் உன் கழகத்தைப் பற்றி முணுமுணுப்பதை அன்றோடு விட்டேன்.

பிராக்டிகலுக்கு இடம் தேட வேண்டிய நேரம் வந்தது. கோலாலம்பூரில் உயரமான கட்டடம், கழுத்தில் தொங்குகிற அட்டை, இதுதான் என் கனவு. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட இரண்டு அலுவலகமும் உன்னை எடுக்கவில்லை. ஓர் இடத்தில் நீ வார்த்தையை முடிப்பதற்கு முன்னால் நேர்முகம் நடத்திய அம்மாவே ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்து வைத்தாராம், அதுவும் தப்பாக. "நான் சொல்ல வந்ததே வேற மா. அவங்க சொன்னதுக்கு நான் ஆமான்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாய். மறுநாள் பசியாற உட்கார்ந்தபோது நீயே கேட்டாய், "உங்க கம்பெனியில பிராக்டிகல் எடுப்பாங்களா மா?" பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நான் உட்கார்ந்து கிடக்கிற இடத்தில் என் பிள்ளை வந்து உட்காரக்கூடாது என்றுதானே இத்தனை பாடு? நீ விடவில்லை. "கக் ஹலிமா மாதிரி எத்தனை பேர் இருக்காங்க அங்கே? நான் வந்து செய்யறதுக்கு வேலை இருக்கு மா." மனிதவளப் பிரிவில் இருந்த மிஸ் சூவிடம் போய் நின்றேன். உன் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் சைகை மொழி என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, "இது நிஜமா தெரியுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த மாதமே நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்காட்டுக்குப் போனோம்.

நீ வந்து கொஞ்ச நாளிலேயே தீயணைப்புப் பயிற்சி வந்தது. அபாய மணி அலறியதும் ஹலிமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் வெளியே ஓடினேன், வழக்கம்போல. எல்லாரும் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்று பெயர் கூப்பிடும்போது நீ மட்டும் அங்குமிங்கும் தலையைத் திருப்பி எதையோ தேடினாய். பிறகு திரும்பி உள்ளே ஓடினாய். பாதுகாப்பு அதிகாரி விசில் ஊதி ஊதிக் கூப்பிட்டார். நீ வெளியே வந்தபோது உன் பின்னால் பேக்கிங் அறையில் வேலை செய்யும் காது கேளாத பெண்கள், கையில் இன்னும் டேப்போடு, என்ன ஏது என்று புரியாமல் வந்தார்கள். மணி அடித்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கதவு மூடியிருந்தது. பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "பயிற்சிதானே, பரவாயில்லை" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான், அவருக்கு அது உறைக்கவில்லை. நீ அவர் முன்னால் நின்று ஏதோ சொல்ல முயன்றாய், வாய் வரவில்லை. முகம் சிவந்துபோய்த் திரும்பினாய். அன்று பஸ்ஸில் வரும்போது சொன்னாய், "எழுதித் தரப் போறேன் மா. எழுதித் தந்துட்டு, நேர்ல நின்னும் சொல்லப் போறேன்."

மேலாளர் மிஸ்டர் தியோ கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கினார். தொழிலாளர் பக்கத்திலிருந்து என்னையும் ஹலிமாவையும் உட்காரச் சொன்னார்கள். ஏசி அறையில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீ எழுந்து நின்றாய். 'கெசெலாமாத்தான்', அதாவது பாதுகாப்பு, அதுதான் உன் முதல் வார்த்தை. அந்த வார்த்தையின் வாசலிலேயே நீ நின்றுவிட்டாய். ஒருவர் பேனாவைத் தட்டினார். ஒருவர் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார். பள்ளி மேடைக்கு ஓடி வந்த டீச்சர் மாதிரி நானும் எழுந்து வந்து உன் கையைப் பிடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. நீ ஒரு மூச்சு இழுத்தாய். பிறகு மலாயில் சொன்னாய்: "எனக்குத் திக்கும். சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தயவு செஞ்சு காத்திருங்க. யாரும் எனக்காக முடிச்சு வைக்க வேண்டாம்." லோகா, நான் பெற்ற பிள்ளையா பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ்டர் தியோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பேசி மேசைக்குக் கீழே போனது. காத்திருந்தார்கள். நீ சொன்னாய். மணியோடு சேர்ந்து எரிந்து அணைகிற சிவப்பு விளக்கு, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு துணை ஆள், காலை பிரீஃபிங்கைப் படமும் சைகையுமாகக் காட்ட ஒரு திரை. திக்கித் திக்கி, ஒன்றையும் விடாமல் சொன்னாய்.

பிறகு ஹலிமா எழுந்தாள். அவள் கையால் சொல்லச் சொல்ல நீ குரல் கொடுத்தாய். "தினமும் காலையில், என்னவென்று தெரியாமலே நான் சரி என்று தலையாட்டுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்துகொண்டு சரி சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு முடியாது என்றும் சொல்ல வேண்டும்." அவள் பேச்சை நீ சொன்னபோது அவ்வளவாகத் திக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "அது என் பேச்சு இல்லையே மா" என்று தோளைக் குலுக்கினாய். மிஸ்டர் தியோ பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துக் கேட்டார், "விளக்கு எப்போ மாட்ட முடியும்?" செய்யலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார்! மேசைக்கு அடியில் ஹலிமா என் கையைப் பிடித்து நெரித்த நெரிப்பில் என் வளையல் உடைந்தது.

விளக்கு வந்தது. திரை வந்தது. தேநீர் இடைவேளையில் கேண்டீனில் நீ நடத்திய சைகை வகுப்புக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன், உட்கார இடம் இல்லாமல் போனது. மலாய் தெரியாத நேப்பாளப் பையன்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள். படம் போட்ட பிரீஃபிங் அவர்களுக்கும் புரிந்துவிட்டது. பாதுகாப்பு அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை மடக்கினார். உன் அம்மா கடைசி பெஞ்சு, தெரியுமே. அடுத்த தீயணைப்புப் பயிற்சியில் விளக்கு எரிந்ததும் எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்து நின்றவர்கள் யார்? பேக்கிங் அறைப் பெண்கள்! நாங்கள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ பிராக்டிகல் முடித்துத் திரும்பிய சில மாதத்தில் ஹலிமா லைன் லீடரானாள். இப்போது நான் மெதுவாகச் செய்தால் மேசையைத் தட்டிக் கடிகாரத்தைக் காட்டுகிறாள்.

அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் நடந்த வேலைவாய்ப்புக் கண்காட்சியில் பினாங்குக் கம்பெனிக்காரர்கள் உன்னிடம், படிப்பைத் தவிர என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நீ சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். காது கேளாதவர்கள் நிறைய பேர் வேலை செய்கிற இடம் அது. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதவள அதிகாரியாக நீ போகிறாய். செய்தி வந்ததும் உங்கப்பா லோரி ஹாரனை அழுத்தி வைத்துக்கொண்டு தெருவையே எழுப்பிவிட்டார். "மனுசங்களைப் பாக்கிற வேலைலா என் மகனுக்கு!" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார், முன்பு சிரித்ததெல்லாம் மறந்துபோய்.

புத்தி சொல்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தாய், சொல்லாமல் இருக்க முடியுமா? நாளைக்கு உன் முன்னால் ஒரு பிள்ளை நேர்முகத்துக்கு வந்து நிற்கும். நடுங்கும். அவன் சொல்ல வந்ததை அவனே சொல்லட்டும். பிராக்டிகலுக்கு வருகிற மாணவர்களைக் காகிதம் நகல் எடுக்க மட்டும் அனுப்பாதே, செய்து பார்க்க ஒரு நிஜ வேலையைக் கையில் கொடு. சம்பளம் வர ஆரம்பித்துவிட்டது என்று, ஆசைப்பட்டுச் சேர்ந்த காரியங்களை விட்டுவிடாதே. வேலைக்குப் பயன்படும் என்று கணக்குப் போட்டு நீ அந்தக் கழகத்தில் சேரவில்லை. மனதுக்கு ஒத்துப்போனது, சேர்ந்தாய், முழுதாகச் செய்தாய். இதைப் படிக்கிற மற்ற தாய்மாருக்கும் அதைத்தான் சொல்வேன். பிள்ளை எந்த மேசைக்குப் போகிறான் என்று பொறுமையாகப் பாருங்கள். பெயரை அவனே எழுதட்டும்.

போன சனிக்கிழமை உன் பட்டமளிப்பு. மண்டபத்துக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையைப் பார்த்ததும் கூவியது, விசில் அடித்தது. நீ அங்கியோடு படியில் இறங்கி வந்தாய். அப்போது மரத்தடியில் நின்றிருந்த உன் கழகத்துப் பிள்ளைகள், ஹலிமா, பேக்கிங் அறைப் பெண்கள் எல்லாரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை விரித்து அசைத்தார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான் என்று ஹலிமா எனக்குக் காட்டினாள். அத்தனை இரைச்சலுக்கு நடுவே சத்தமே இல்லாமல் அத்தனை கைகள். உங்கப்பா, "என்னலா செய்யணும், சொல்லு சொல்லு" என்று அவசரப்பட்டு, போலீஸ் பிடித்த ஆள் மாதிரி கையைத் தூக்கி நின்றார், கண்ணைத் துடைக்கவும் கை இல்லாமல். நீ படியிலேயே நின்றுவிட்டாய். என் பக்கத்தில் இருந்த பெண், உன் கழகத்துப் புது மாணவி போலிருக்கிறது, என் தோளைத் தொட்டுக் கையால் கேட்டாள்: நீங்கள் யார்? பக்கத்தில் கேட்டுச் சொல்ல எனக்கு யாரும் தேவைப்படவில்லை. உயர்த்திய கையை இறக்கி, உன்னைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, நானே சொன்னேன். அவன் அம்மா. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன்.

அம்மா